கையை மூடினால் நிற்கவேண்டும்

பஸ் ஸ்டாண்டில் எங்கள் கம்பெனி ஆளுயரத் திரை ஒன்றை வைத்தது. தொட வேண்டாம்; தள்ளி நின்று கையை நீட்டினால் திரையில் அம்பு நகரும். விரல்களை மூடினால், அம்பு காட்டும் ஊருக்கான பஸ் நேரம் திறக்கும். அதற்கு சாப்ட்வேர் எழுதியது நான். திரை விலைபோனால் என்னைப் பர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். நெய்வேலியில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. என் அப்பா மைன்ஸில் கடைசிவரை கான்ட்ராக்ட்டாகவே இருந்து வீட்டுக்கு வந்தவர்.

ஆரம்பத்திலேயே சிக்கல். மைன்ஸ் ஆட்கள் யார் கை நீட்டினாலும் திரை தாறுமாறாகத் திறந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. ஒரு மதியம் அப்பாவைக் கூட்டிப்போய் நிறுத்தினேன். கையை நீட்டினார். அம்பு வடலூரைத் தாண்டி ஓடப் பார்த்தது. சட்டென்று கையை மூடினார். குறிஞ்சிப்பாடி திறந்துகொண்டது.

“இன்னாம்மா இது, நில்லுன்னா குதிக்குது?” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. மண் அள்ளும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று சைகை காட்டியே காலம் தள்ளியவர் அவர். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. கையை மூடிக் காட்டினால் வண்டி நிற்கவேண்டும். இங்கே பல பேருக்கு அது ஊறிப்போன பழக்கம்.

மாற்றினேன். கையை மூடினால் அம்பு அப்படியே நிற்கும். மூடியபடி கொஞ்சம் பொறுத்தால் திறக்கும். நடுங்கும் கைகளுக்கும் அது வசதியாக இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் ஒரே தடவையில் தங்கள் பஸ்ஸைக் கண்டுபிடித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரையை வாங்குவதற்காகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கையை மூடினார், உடனே விரித்தார், மறுபடி மூடினார். பொறுக்கவே இல்லை.

“ஏன் இவ்ளோ ஸ்லோ?”

“இங்க இருக்கறவங்க கைப்பழக்கம் அப்படிங்க சார்.”

“உங்க ஊருக்கு மட்டும் நான் வாங்கலயேம்மா.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அவர் வாங்காமலே போய்விட்டார். இப்போது அந்தத் திரையில் நகைக்கடை விளம்பரம் ஓடுகிறது. யாரும் கை நீட்ட வேண்டியதில்லை. விளம்பரத்தை ஏற்றுவது நான்தான், அதே கான்ட்ராக்ட்டில்.

முன்பெல்லாம் நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே “பர்மனென்ட் இன்னா ஆச்சும்மா?” என்று அப்பா கேட்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். இப்போது கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார்.