நாகூர் கனியின் ரீல்

செல்லக்கண்ணு மீன் சாப்பிட மாட்டார். தூண்டில் பிடித்ததும் கிடையாது. எப்போதாவது கடற்கரைக்குப் போனாலும் செருப்பைக் கழற்றாமல் மணலோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரைத் தேடித்தான், ஃபேரர் பார்க்கிலிருந்தும் பாசிர் ரிஸ்ஸிலிருந்தும் ஆட்கள் தூண்டில் ரீல்களைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். எல்லாம் உப்பேறி இறுகி, கைப்பிடியைச் சுற்றினால் அசையாத ரீல்கள். கெர்பாவ் ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே மாடி அறையில் அவர் குடியிருந்தார். சன்னலோரம் ஒரு மேசை, மேசைக்கு மேலே சுவரில் முருகன் படம். அந்த மேசைக்கு அவர் மனைவி கண்மணி வைத்த பெயர் ஆஸ்பத்திரி.

தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரைதான் அவர் படிப்பு. பதினான்கு வயதில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் சேர்ந்து, சாமான் கழுவுவதில் ஆரம்பித்துப் பிட்டர் ஆனார். ஜப்பான்காரன் காலம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். பட்டறையின் சீன மேஸ்திரி தன்னுடைய ரீல் ஒன்றைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் குப்பையில் போடப் போனார். செல்லக்கண்ணு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்பது நாள் கழித்து அந்த ரீல் சுழன்றுகொண்டு மேஸ்திரி கைக்குத் திரும்பியது. அதன் பிறகு ஆட்கள் வருவது நிற்கவே இல்லை.

அவர் செய்வதில் வித்தை ஒன்றுமில்லை, பொறுமைதான். ரீலை மைலோ டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி முங்கவைப்பார். தினமும் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, ஸ்குரூவின் பிளவுக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளியாகப் பார்த்து எடுத்து, ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார். அசையவில்லை என்றால் மறுபடியும் டின்னுக்குள் போகும். "இன்னும் அதுக்கு மனசு வரல" என்பார். ஒரு நாளுக்கு ஒரு முயற்சிக்கு மேல் செய்வதில்லை. கழன்ற பிறகு ஒவ்வொரு பாகத்தையும் பழைய செய்தித்தாளில் கழற்றிய வரிசைப்படியே வைத்து, பக்கத்தில் பென்சிலால் எண் போடுவார். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுப் பூட்டுவார். ஆங்கிலத்தில் படம் போட்ட புத்தகங்கள் உண்டு என்று சொல்வார்கள். அவர் பார்த்ததில்லை.

1962ஆம் வருடம் நாகூர் கனியின் ரீல் அவரிடம் வந்தது.

நாகூர் கனி ஃபேரர் பார்க் மைதானத்துக்கு எதிரே சரபத்துக் கடை என்று சொல்லும் டீக்கடை வைத்திருந்தவர். அதற்கு முன்னால் சாங்கியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் சமையல். அந்த அதிகாரி ஊருக்குக் கப்பல் ஏறும்போது, கனியின் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்த ரீல். பல வருடம் தகரப் பெட்டியில் கிடந்து கல்லாகிவிட்டது. கனிக்குச் செல்லக்கண்ணுவைவிட ஏழெட்டு வயது கூடுதல். செல்லக்கண்ணு அவரை நானா என்றுதான் கூப்பிடுவார். பதினைந்து வருடமாகத் தினமும் காலையில் பட்டறைக்குப் போகும் வழியில் அந்தக் கடையில்தான் இஞ்சி டீ.

அந்த ரீல் அவரைப் பதினோரு நாள் படுத்தியது. எட்டாம் நாள் ஒரு ஸ்குரூ அசைந்தது. பதினோராம் நாள் பக்கத் தகடு கழன்று, உள்ளே இருந்த பித்தளைப் பல்சக்கரங்கள் பச்சை பூத்துத் தெரிந்தபோது, செல்லக்கண்ணு முருகன் படத்தை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார். எல்லாம் துலக்கிப் பூட்டி முடித்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள்.

ஆயுத பூஜையன்று மேசையில் இருக்கிற எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவது அவர் வழக்கம். திருப்புளிகள், குறடுகள், அரம், மைலோ டின்கூட. அன்று கனியின் ரீலும் அந்த வரிசையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். ரொம்பப் படுத்திய ரீல் என்பதாலோ என்னவோ, அதற்கு மட்டும் கட்டைவிரலால் தாராளமாகவே அப்பினார். மறுநாள் விஜயதசமி. பூஜை முடித்து, வெளியே இருந்ததை ஈரத்துணியால் துடைத்து, ரீலைக் கனியிடம் கொடுத்தார். கனி கடை வாசலிலேயே கைப்பிடியைச் சுற்றிப் பார்த்து, வந்தவர் போனவருக்கெல்லாம் சுற்றிக் காட்டினார்.

நவம்பர் கடைசியில் அந்த ரீல் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கனியின் முகத்தில் சிரிப்பில்லை. பாசிர் ரிஸ்ஸில் கூட்டாளிகளோடு படகில் போனாராம். பெரிய கொடுவா மீன் ஒன்று மாட்டியது. அது இழுத்த இழுப்புக்கு நூலை விட்டுக்கொடுக்க வேண்டிய ரீல், பாதியில் இறுகி நின்றுவிட்டது. நூல் அறுந்தது, மீன் போனது. கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளையோட வேலைதான். போன வாரம் அவன் இரவல் வாங்கிட்டுப் போனான். உப்புத் தண்ணியில போட்டுட்டு, கமுக்கமாத் தொடச்சிக் கொண்டாந்து குடுத்திருக்கான்" என்றார் கனி.

அவருடைய மாப்பிள்ளை சாகுல் ஹமீது, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கிற பையன். கொஞ்சம் பேச்சு அதிகம். கனிக்கு முதலிலிருந்தே அவன்மேல் ஒரு அரைமனசு. போடவே இல்லை என்று அவன் சத்தியம் செய்தானாம். கையில் வாங்கிய பொருளைக் காப்பாற்றத் தெரியாதவன் என் மகளை என்ன காப்பாற்றுவான் என்று கனி கேட்டுவிட்டார். அன்று கிளம்பிப் போனவன்தான், மாமனார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

செல்லக்கண்ணு ரீலை மண்ணெண்ணெயில் போட்டார். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், தகடு கழன்றது. கழன்ற உடனே அவர் கை நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் வாடையையும் மீறி ஒரு வாசனை வந்தது. கோயில் பிரகாரத்தில் வருகிற வாசனை.

பல்சக்கரத்தின் இடுக்குகளில் பழுப்பு மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டிருந்தது. ஊசியால் சுரண்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது, ஓரத்தில் சிவப்பு. பக்கத் தகட்டில் எண்ணெய் விடுவதற்கென்று ஒரு சிறு துளை இருந்தது. அந்தத் துளையின் மேலேயே அவர் சந்தனத்தை அப்பியிருக்கிறார். ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இறங்கி, எண்ணெயோடு கலந்து, காயக் காயப் பூச்சு மண் மாதிரி இறுகிவிட்டது. கடல் தண்ணீர் போயிருந்தால் பித்தளை மறுபடி பச்சை பூத்திருக்கும். அப்படி ஒரு புள்ளிகூட இல்லை. மணல் ஒரு துகள் இல்லை. ஹமீது சொன்னது அத்தனையும் உண்மை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் கண்மணியிடம் சொன்னார். கண்மணி அவர் தட்டில் ரசத்தை ஊற்றினார்.

"கழுவியாச்சா, ஓடுதா? குடுத்துட்டுப் பேசாம வாங்க" என்றார். "சாமிகிட்ட வச்சோம், குங்குமம் வச்சோம்னு அவங்ககிட்ட போய்ச் சொல்லி, அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டா? நாம என்ன கெட்டதா நெனச்சா செஞ்சோம்? நம்ம சாமான நம்ம சாமிகிட்ட வச்சோம்."

"நம்ம சாமான் இல்லையே அது" என்றார் செல்லக்கண்ணு.

சொல்லிவிட்டாரே தவிர, மறுநாள் காலை கடைக்குப் போனதும் வாய் வரவில்லை. கூட்டமாக இருக்கிறது, அப்புறம் சொல்லலாம் என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ரீல் என்னாச்சு தம்பி என்று கனி கேட்டபோது, இன்னும் ஊறுகிறது நானா என்றார். ஒரு முஸ்லிம் வீட்டுப் பொருளைக் கேட்காமல் கொள்ளாமல் படத்துக்கு முன்னால் வைத்ததை எந்த முகத்தோடு சொல்வது? அதோடு, செல்லக்கண்ணு கைபட்டால் ரீல் கெடாது என்று பெயர். அந்தப் பெயரும் அவருக்கு இனித்துத்தான் இருந்தது. சாயங்காலம் சாமி கும்பிடும்போது கண்ணை மூடினால் பித்தளை இடுக்கில் இருந்த சிவப்புதான் தெரிந்தது. திருநீற்றைப் பூசிக்கொண்டு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு, கையில் மண்ணெண்ணெய் வாடைபோல, கழுவக் கழுவப் போகவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் போனபோது கடையில் கனியின் மகள் ஜைனப் நின்றிருந்தாள். ஆறு மாத வயிறு. செம்பவாங்கிலிருந்து பஸ் மாறித் தனியாக வந்திருக்கிறாள். அவர் இன்னும் சாப்பாடே சரியாகச் சாப்பிடுவதில்லை வாப்பா, ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"செஞ்சேன்னு ஒத்துக்கிட்டு வரச் சொல்லு. கதவு தெறந்துதான் கெடக்கு" என்றார் கனி.

"செய்யாததை எப்படி ஒத்துக்குவாரு?"

கனி அடுத்த டீயை ஆற்ற ஆரம்பித்தார். ஜைனப் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். செல்லக்கண்ணு கையில் இருந்த டீயை மேசையில் வைத்தார். அன்று அவர் பட்டறைக்குத் தாமதமாகத்தான் போனார்.

கூட்டம் குறையட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போதே, ரீல் கெட்டது தன்னால் என்று சொல்லிவிட்டார். ஆயுத பூஜை, சந்தனம், எண்ணெய்த் துளை, எதையும் விடவில்லை. கனி ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"சந்தனம் மட்டுமா?"

"குங்குமமும்தான் நானா."

கனி துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். ரொட்டி தின்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அது கெடக்கட்டும். நீ கும்புடுற எடத்துல என் பொருளையும் வச்சிருக்கே. கேட்டுட்டு வச்சிருக்கலாம். அது வேற பேச்சு" என்றார் கடைசியில். "ஒனக்கு இது எப்பத் தெரியும்? அதச் சொல்லு."

"போன வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை" என்றார் கனி. "ஆறு நாளா இங்க வந்து டீ குடிச்சிட்டுப் போயிருக்கே. நான் அவனைத் திட்டத் திட்டக் கேட்டுக்கிட்டே குடிச்சிருக்கே."

சந்தனத்துக்குத்தான் கோபிப்பார் என்று பயந்து பயந்து, கோபிக்க வேண்டிய காரியத்தை அந்த ஆறு நாளில் தானே செய்து வைத்திருந்தது செல்லக்கண்ணுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்கிட்ட ஏன் சொல்றே? போ, அவன்கிட்ட போய்ச் சொல்லு" என்று கனி அடுத்த ஆளுக்கு டீ போடத் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை செல்லக்கண்ணு ரீலை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலை பஸ் நிறுத்தத்தில் நின்றார். பஸ் வந்து ஏறும்போது பின்னால் யாரோ ஏறினார்கள். கனி. வெளுத்த சட்டை, புதுக் கைலி, தொப்பி. இவரைப் பார்க்காததுபோல முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நீ சூன் என்ற இடத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோதும் பேச்சில்லை. ரம்புத்தான் பழம் விற்கிற மலாய்க்காரரிடம் மட்டும் விலை கேட்டு, ஒரு கட்டு வாங்கிக்கொண்டார்.

கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் ஹமீதின் வீடு கீழ்த்தளம். கனி உள்ளே வரவில்லை. வாசல் சிமெண்டுப் படியில் ரம்புத்தான் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹமீது பதறிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டான். செல்லக்கண்ணு உட்காரவில்லை. நின்றபடியே, கடையில் சொன்னதைவிட விவரமாகச் சொன்னார். மேசைமேல் ரீலை வைத்து, பக்கத் தகட்டில் துளை இருக்கிற இடத்தையும் காட்டினார். தெரிந்த பிறகும் ஆறு நாள் சும்மா இருந்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. வாசல் பக்கம் கேட்க வேண்டுமே என்று அதை இன்னொரு தடவை சொன்னார்.

ஹமீது துளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க லா அண்ணே" என்றான். பிறகு, "எல்லாரும் சொல்லச் சொல்ல, நானே தண்ணியில போட்டிருப்பேனோன்னு நெனக்க ஆரம்பிச்சிட்டேன். தூக்கத்துலகூட கை நழுவுற மாதிரி இருக்கும்" என்றான்.

செல்லக்கண்ணு தெரியாமல் கெடுத்தது ஒரு ரீலை. தெரிந்து கெடுத்தது இந்தப் பையனின் மனசை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழற்றுகிற காரியமில்லை. மன்னிச்சிரு தம்பி என்று கைகூப்பினார். பையன் சங்கடப்பட்டு அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினான்.

ஜைனப் டீ கொண்டுவந்து இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு, மூன்றாவதை வாசலுக்கு எடுத்துப் போனாள். வாசலில் தம்ளர் கைமாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கனியின் குரல், முதுகைக் காட்டியபடியே.

"வார ஞாயித்துக்கெழமை டியூட்டியா?"

ஹமீது ஜைனப்பைப் பார்த்தான். "இல்ல மாமா."

"பாசிர் ரிஸ்ல காலைல ஆறு மணிக்குத் தண்ணி ஏறும். வாறதுன்னா வா."

"வாறேன். ரீலை இப்பவே எடுத்துட்டுப் போறீங்களா மாமா?"

கனி ஒரு ரம்புத்தானை உரித்தார். தோலைப் படியோரம் ஒதுக்கி வைத்தார்.

"ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "நான் பஸ்ஸுல எங்கயாச்சும் போட்டுத் தொலைச்சிடுவேன்."

செல்லக்கண்ணு மேசைமேல் இருந்த ரீலை ஹமீதின் பக்கமாக நகர்த்தி வைத்தார்.