எஸ் எழுத்துக்கு இன்னும் வரவில்லை

வடிவம்மாளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு லயத்தில் முதலில் சொன்னவள் நான்தான். அதை மறைக்கப்போவதில்லை. என் பெயர் வேலம்மா. அவளுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைப் பலகைச் சுவர். அந்தப் பக்கம் அவள் முணுமுணுப்பதை இந்தப் பக்கம் பத்து வருஷம் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

முணுமுணுத்தது சாமி பாட்டு இல்லை, அகராதி. மலாய்க்காரர்கள் காமூஸ் என்பார்கள். எழுபத்து நாலில் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் ஒரு கடைக்காரர் கடையை மூடும்போது, பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய தாள் குவியலில் அட்டை கிழிந்து கிடந்தது. மழைக்கோட்டு வாங்கப் போனவள் அதை விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த மாதம் முழுக்க மலையில் நனைந்தாள்.

தமிழ் ஒரு எழுத்துக்கூட அதில் கிடையாது. மலாய்ச் சொல்லுக்கு மலாயிலேயே அர்த்தம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முடித்திருந்ததால் அவளுக்கு ரூமி எழுத்து தெரியும். அந்த ஏ, பி, சி, டி எழுத்தைத்தான் நாங்கள் ரூமி என்போம். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடினால் அது நாலு சொல்லைக் கைகாட்டும். அந்த நாலையும் தேடிவிட்டுத்தான் சோற்றை வடிப்பாள். நானாக இருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல். இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளில் பேனாவால் எழுதிக்கொண்டு கொழுந்து பறிக்க வருவாள். குனியும்போதெல்லாம் வாய் அசையும்.

"பரீட்சைக்காடி படிக்கிற?" என்று ஒருநாள் வாயைக் கிளறினேன்.

"இல்லக்கா. சும்மாதான். பிடிச்சிருக்கு."

"சும்மாவா? இதுல என்னாடி கிடைக்குது?"

"நீங்க வெத்தல போடறீங்களே, அது எந்தப் பரீட்சைக்கு?"

வெற்றிலையைத் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

கே எழுத்துக்கு வந்தபோது அவளைப் பிடிக்க முடியவில்லை. கடைக்கு மலாயில் கெடாய், கப்பலுக்குக் காப்பால், கட்டிலுக்குக் காத்தில். "நமக்கு முன்னாலயே நம்ம சொல்லுங்க இங்க வந்து குடியேறிருச்சுக்கா. அதுங்களுக்கு யாரும் ஐ.சி. கேக்கல" என்று சிரித்தாள். ஐ.சி. என்றால் அடையாள அட்டை. ஆனால் அதே கே எழுத்தில் 'கூலி' வந்த அன்று முகம் தொங்கிப்போயிற்று. கரடுமுரடான வேலை செய்யும் ஆள் என்று போட்டிருந்ததாம்.

"நம்ம பாஷையில கூலின்னா வேலைக்குக் குடுக்கற காசுக்கா. குடுக்க வேண்டியதோட பேர, வாங்க வேண்டிய ஆளோட தலையில வச்சிட்டானுங்க."

பேனாவை எடுத்து அச்சடித்த அர்த்தத்தின்மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் தமிழில் எழுதினாள்: கூலி, கொடுக்க வேண்டியது. புத்தகத்தில் அடிக்கலாமாடி என்று எனக்குப் பக்கென்றது. அவளுக்கு அந்தப் பயமே இல்லை. தப்பென்றால் தப்புதான், அச்சில் இருந்தால் என்ன என்றாள். வடிவம்மாளின் சுபாவம் அவ்வளவுதான்.

புத்தகத்தோடு சண்டையும் போடுவாள். 'பெர்ஹெந்தி' என்ற சொல்லை பி எழுத்தில் தேடித் தேடிக் காணாமல் மூன்று நாள் திட்டினாள். பிறகுதான் பிடிபட்டது. மலாய்ச் சொல் முன்னால் ஒரு சட்டை போட்டுக்கொண்டு வருமாம். சட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே 'ஹெந்தி'. அது ஹெச் எழுத்தில் இருக்கும். நிறுத்துவது என்று அர்த்தம். இதை எங்களுக்கு மலையில் வைத்து விளக்கியபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் கங்காணி நல்லுசாமி வந்து அதட்டினார்.

எண்பத்து மூன்றில் அந்தத் தாள் வந்தது.

வடிவுவின் நிலைமையை முதலில் சொல்ல வேண்டும். புருஷன் இராமையா லோரி கவிழ்ந்து செத்து ஆறு வருஷம். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடத்தில். லயத்து வீடு தோட்டத்துச் சொத்து. தோட்டத்தில் நிரந்தர வேலை இருக்கிறவரைதான் வீடு. வேலை போனால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் எல்லோருக்கும் அதே கதிதான். அவளுக்குப் போய் நிற்க வேறு வாசலும் இல்லை.

அந்த வருஷம் கொழுந்து வெட்டும் மிஷின் வந்தது. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் ஒரு மேசையைப் போட்டார். மேசையில் தாள் கட்டு, மை டப்பா.

"மிஷின் வந்துருச்சில்ல, அதுக்குப் புதுப் பதிவு. கையெழுத்துப் போடு, இல்ல கைநாட்டு வை. சும்மா ஒரு ஃபாரம்தான் லா."

முதல் பெயர் என்னுடையது. என் கட்டைவிரல் மை டப்பாவுக்குள் போய்விட்டது. நாற்பது பேரைத் தள்ளிக்கொண்டு வந்து வடிவு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்கக்கா. இதுல பெர்ஹெந்தி இருக்கு."

தாளை எடுத்து விரல் வைத்து வாசித்தாள். வேலை நிறுத்தம் என்று இருக்கிறது, யார் வேலை நிற்கிறது என்று கேட்டாள். அடுத்த சொல்லில் அவள் விரல் நின்றது. "சுகரேலா" என்று இழுத்தாள்.

கிராணி சிரித்துவிட்டார். "சுகாரெலா. வாசிக்கவே தெரியல, பெரிய வாத்தியாரம்மா மாரி வந்துட்டா."

"நல்லாச் சொல்றீங்க ஐயா. அப்படியே அர்த்தத்தையும் சொல்லிருங்க."

கிராணி மேசையிலிருந்த தாள்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார்.

"சரி, நானே பாத்துக்கறேன். நேத்துதான் ஓ முடிஞ்சு பி ஆரம்பிச்சேன். இது எஸ். எஸ் எழுத்துக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் அவளுக்கு மட்டும் வேலை இல்லை என்றார்கள். மற்றவர்கள் பயப்படட்டும் என்ற கணக்கு. அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஆபீசுக்கு எதிரே கொழுந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காமூஸை மடியில் விரித்து, ஐந்து சொல் கணக்கை விட்டுவிட்டு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சத்தமாகவே வாசிக்க ஆரம்பித்தாள். பனி, தூறல், எதற்கும் எழுந்திருக்கவில்லை. தலையில் அந்தப் பிளாஸ்டிக் தாள். பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு கேட்டேன்.

"எஸ்ஸத் திருப்பிப் பாத்துத் தொலையேன்டி. பிள்ளைங்க ரெண்டும் என்னா திங்கும்?"

"முறைன்னு ஒண்ணு இருக்குக்கா. நீங்க வேணா எனக்காக ஒண்ணு செய்ங்க. யாரும் அவசரப்பட வேணாம்னு லயத்துல சொல்லுங்க."

சொன்னேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மறுநாள் கிராணி நாகரத்தினத்தைக் கூப்பிட்டால், "வடிவு எஸ்ஸுக்கு வரட்டும் ஐயா" என்றாள். சீதாவும் அதையே சொன்னாள். நாலாம் நாள் களத்தில் நாற்பத்தொரு பெண்களுக்கும் அதே பதில்தான். அரிசி அவள் வீட்டுக்கு ஆளுக்கொரு கைப்பிடியாகப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நாள் தோட்டத்து மேனேஜர் துரையே வந்தார். பட்டணத்தில் படித்த நம் ஆள்தான், தமிழ் பேசுவார்.

"எந்த எழுத்துல இருக்க?"

"இப்பத்தான் முடிஞ்சுது துரை. சுகாரெலா வந்துருச்சு." எழுந்து எங்கள் பக்கம் திரும்பினாள். "தானா மனசார, யாரும் சொல்லாம செய்யறதுன்னு அர்த்தம். நாம எல்லாரும் மனசார வேலைய விட்டு நிக்கிறோமாம். நாளையிலேருந்து கொந்திராக் ஆளாம், ஒப்பந்தத்துக்கு வர்ற ஆளு. அதாவது, நிரந்தரம் போச்சு. வீடும் போச்சு."

ஒருத்தி அழ ஆரம்பித்தாள். துரை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வடிவம்மா, இது மேலிடத்து முடிவு. போடாதவங்களுக்கு இங்க வேல இல்ல. போடறியா, இல்லையா?"

"போடறேன் துரை. சொன்ன வார்த்த மாறமாட்டேன்."

இதற்கா இவ்வளவும்?

அவள் மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள். சுகாரெலா இருந்த இடத்தில், கூலிக்கு இழுத்தாளே, அதே மாதிரி ஒரு கோடு இழுத்தாள். மேலே வேறொரு சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு நீட்டினாள்.

துரை வாசித்தார். டிபக்சா. ஓவுக்கு அடுத்த பி எழுத்தின் ஆரம்பத்திலேயே வரும் பக்சாவுக்கு முன்னால் ஒரு சட்டை. கட்டாயப்படுத்தப்பட்டு என்று அர்த்தம். கட்டாயப்படுத்தியதால் வேலையை விடுகிறேன் என்று கையெழுத்துப் போட்ட தாளைத் தொழிலாளர் இலாகாவில் எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது?

"இந்த வார்த்தைய உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"வார்த்த புத்தகத்துல இருந்துச்சு துரை. அர்த்தத்த இந்த அஞ்சு நாளா நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

பிறகு வரிசை நகர்ந்தது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். மற்றவர்களுக்கு அவள் அந்தப் பிளாஸ்டிக் தாளில் எழுதிக் காட்டினாள். பாதியிலேயே துரை தாள்களைப் பிடுங்கிக்கொண்டு ஆபீசுக்குள் போனார். அந்தத் தாளை அதற்குப் பிறகு நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மறுநாள் பெரட்டில் வடிவுவின் பெயரைக் கிராணி தலை நிமிராமல் கூப்பிட்டார். அவள் பெண்கள் இருவரும் அந்த வீட்டிலிருந்தே படித்து முடித்தார்கள்.

சுகாரெலாவை முதல் நாள் சாயங்காலமே திருப்பிப் பார்த்துவிட்டதாக அவள் ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் ஒப்புக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சா போதுமாக்கா? நீங்கல்லாம் யோசிக்க நாள் வேணும்ல." அவளை அன்று அடிக்கப் போனேன்.

எண்பத்தைந்தில் இசட் முடித்தாள். அடுத்த நாளே ஏ எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டாள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கூடச் சொல்வேன்.

அன்று களத்தில் மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டாவதாகப் பேனாவைப் பிடித்தவள் நான். டிபக்சாவுக்கு ரூமியில் ஏழு எழுத்து. பாதித் தாளை அடைத்துக்கொண்டு எழுதினேன். ரூமியில் என் சொந்தப் பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் எழுதக் கற்றேன்.