லேபிள் இல்லாத நாலாவது போத்தல்

1. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி

பழைய விஸ்கி ருசி பார்க்க ஆளுக்கு நானூறு பவுண் கட்டிய பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். மனேஜர் ஜூலியன் லேபிள் இல்லாத ஒரு போத்தலை என் கையில் தந்து, எல்லோருக்கும் ஊற்றச் சொல்கிறார். நான் ஊற்றவில்லை.

லண்டன் ஹோட்டல் பார்களில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தேன். வாடிக்கையாளருக்கு முன்னால் மேலதிகாரியின் சொல்லை மறுத்தது அந்த ஒரு நாள்தான். இப்போது ஓய்வுபெற்று தெற்கு லண்டன் சட்டனில் இருக்கிறேன். பார் வேலைக்குப் போகிற எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதும்போதும் கோபம் வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

2. முதல் மூன்று போத்தல்கள்

அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன் மதுவிலக்கு இருந்தது. அந்த நாளிலும் சில கம்பனிகள் மருந்து என்ற பெயரில் விஸ்கி விற்கலாம். டொக்டர் துண்டு எழுதித் தந்தால் மருந்துக்கடையில் ஒரு சின்னப் போத்தல் கிடைக்கும். தக்கைக்கு மேலே அரசாங்க முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். எப்போது வடித்தது, எப்போது அடைத்தது என்று அதில் போட்டிருக்கும். இன்றைக்கு அந்தப் போத்தல்கள் ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுணுக்குப் போகின்றன.

இதைப் பணக்காரர் கூத்து என்று நான் ஒதுக்க மாட்டேன். திறக்கும்போது தக்கை உதிரும். கோப்பி வடிகட்டும் தாளில் பொறுமையாக வடித்தெடுப்போம். நான் சுப்பர்வைசர் என்றபடியால், முதலில் வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவது என் வேலை. முதல்தரம் நான் துப்ப மறந்துபோனேன். அடிப்பிடித்த பனங்கட்டி, காய்ந்த தோடம்பழத் தோல், கனகாலம் பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்தது போல ஒரு மணம். விழுங்கி ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் நாக்கில் நின்றது. ஓய்வுபெற்ற பஸ் ட்ரைவர் ஒருவர் தன் எழுபதாவது பிறந்தநாளுக்கு வந்து இருபத்தைந்து மில்லி வாங்கினார். அதைக் குடிக்க அவருக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. போகும்போது கிளாஸை மணந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தார். அப்படியான ஆளுக்கு ஊற்றுவது எனக்குச் சந்தோஷம்.

அன்றைய நிகழ்ச்சியில் முதல் மூன்று போத்தல்களும் இந்த மாதிரி, முத்திரையோடு வந்தவை. வில்லங்கம் நாலாவதில்.

3. சுவருக்குள் இருந்து வந்தது

நாலாவது போத்தலுக்கு முத்திரையும் இல்லை, லேபிளும் இல்லை. அமெரிக்காவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது சுவருக்குள் கிடைத்ததாம். களவாய்க் காய்ச்சின சரக்கு. ஜூலியன் அதை ஏலத்தில் எடுத்து, நிகழ்ச்சியின் கடைசி விருந்தாக வைத்திருந்தார். எனக்குக் காட்டியது நிகழ்ச்சி தொடங்கக் கொஞ்சம் முன்புதான்.

சோதித்த பேப்பர் எங்கே என்று கேட்டேன். எந்தச் சுவரில் இருந்து எடுத்தது என்று ஒரு கடிதம் காட்டினார். நான் கேட்டது அதை இல்லை, லாப் ரிப்போர்ட் என்றேன். அல்கஹோலில் கிருமி நிற்காது, நூறு வருஷம் இருந்ததுக்கு இனி என்ன என்று சிரித்தார். கிருமியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. களவாய்க் காய்ச்சினவன் எதைக் கலந்தான் என்று எவருக்கும் தெரியாது. கண்ணைப் பறிக்கிற மெதனோல் இருந்தால் நூறு வருஷத்திலும் அது மெதனோல்தான். இதைச் சொன்னேன். ஆட்கள் வந்துவிட்டார்கள், பிறகு கதைப்போம் என்று போய்விட்டார்.

4. கைதட்டல்

மூன்று போத்தலும் முடிந்தது. ஜூலியன் எழும்பி, மதுவிலக்கு நாளில் கள்ளச் சரக்குக் குடித்துக் கண் போனவர்களைப் பற்றி ஒரு பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு போத்தலை என்னிடம் நீட்டினார்.

"இதை நான் ஊத்த மாட்டன். சோதிக்காத சாமான்" என்றேன், எல்லோருக்கும் கேட்க, ஆங்கிலத்தில்.

ஏன் என்று ஒருவர் கேட்டார். நான் சொன்னேன். என் அண்ணை இருபத்தாறு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டில் கசிப்பு, களவாய்க் காய்ச்சின சாராயம், குடித்தார். விற்றவன் தளபாடத்துக்குப் பொலிஷ் போடுகிற ஸ்பிரிட்டைக் கலந்திருந்தான். அடுத்த நாள் எல்லாம் பனிப்புகார் மூடினது போலத் தெரிகிறது என்றார். மூன்றாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. அவரோடு குடித்த இரண்டு பேர் செத்துப்போனார்கள். அண்ணை இன்றைக்கும் என் வீட்டில்தான் இருக்கிறார், பார்வை வரவே இல்லை.

 ஜூலியன் கை தட்டினார். "இதைவிட நல்ல அறிமுகம் இந்தப் போத்தலுக்கு வேற என்ன வேணும்" என்றார். மேசை முழுக்கத் தட்டியது. நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தார்களா, தெரிந்துதான் தட்டினார்களா, எனக்கு இன்னும் தெரியாது. இப்போதுதான் குடிக்க இன்னும் ஆசையாக இருக்கிறது என்று ஒருவர் கிளாஸை நீட்டினார்.

ஜூலியன் அடுத்ததாக ரமேஷை ஊற்றச் சொல்லிக் கூப்பிட்டார். ரமேஷ் சென்னையில் இருந்து வந்த பார்டெண்டர், ஹோட்டல் எடுத்துக் கொடுத்த விசாவில் இருந்தார். என் பக்கத்தில் வந்து தமிழில் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, என் விசா இவங்க கையில இருக்கு. நான் என்ன பண்றது?"

"நீர் ஒண்டும் செய்ய வேண்டாம். போத்தல் என்ர கையிலதான் இருக்கு" என்றேன்.

நேரே நடந்து போய் அதை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளூர்க் கவுன்சிலின் உணவுப் பாதுகாப்புப் பகுதிக்கு ஈமெயில் எழுதினேன்.  விருந்தாளிகளை அவமதித்ததாகச் சொல்லி, ஒரு மணித்தியாலத்துக்குள் என்னைச் சஸ்பெண்ட் பண்ணினார்கள்.

வீட்டுக்குப் போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "என்ர கதைக்கோ கை தட்டினவை?"



5. ரிப்போர்ட்

கவுன்சில் ஆள் வந்து மாதிரி எடுத்துப் போனார். மூன்று கிழமைக்குப் பிறகு ரிப்போர்ட் வந்தது. மெதனோல் பயப்படுகிற அளவில் இல்லை. ஆனால் ஈயம், அனுமதித்த அளவைவிடப் பலமடங்கு இருந்தது. அந்த நாளில் களவாய்க் காய்ச்சினவர்கள் பழைய கார் ரேடியேட்டரில் விட்டு ஆவியைக் குளிரவைப்பார்களாம், அதில் இருக்கிற ஈயம் சரக்கில் இறங்கும் என்று அந்த ஆள் விளக்கினார். தன்னை ஊற்றச் சொன்னார்கள் என்று ரமேஷ் தன் பெயர் போட்டுக் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தார். எவரும் கேட்காமல் அவர் செய்த காரியம் அது.

என்னைத் திரும்ப எடுத்தார்கள். ஜூலியன் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு வாய் குடித்து ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள் என்றார். நான் கதைத்த தொனி சரியில்லை என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன், போடவும் இல்லை.

இரண்டு மாதத்தில் அந்தப் போத்தல் மெழுகு வைத்து மூடப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தது. பக்கத்தில் அழகான அட்டை: இது குடிக்க முடியாத அளவு ஆபத்தான விஸ்கி, எங்கள் பார் சுப்பர்வைசரின் சொந்த அண்ணன் இப்படியான ஒன்றால் பார்வை இழந்தவர். நிகழ்ச்சி டிக்கெட் நானூற்று ஐம்பது பவுண் ஆகியிருந்தது.

அட்டையை எடுத்துக்கொண்டு ஜூலியனின் அறைக்குப் போனேன். அது எனக்குப் பாராட்டு என்றார் அவர். அட்டையை நாலாகக் கிழித்து மேசையில் வைத்தேன். மாத முடிவில் வேறு ஹோட்டலுக்குப் போனேன்.

6. பிள்ளைகளுக்கு

எந்தப் போத்தலையும் திறக்க முதல் எங்கே இருந்து வந்தது, யார் சோதித்தது என்று கேளுங்கோ. பதிலை ஈமெயிலில் வாங்குங்கோ. வெறி ஏறினவருக்கு ஊற்ற மறுக்கலாம் என்று ட்ரெயினிங்கில் சொல்லித் தருவார்கள். போத்தலையே மறுக்கலாம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லுறன்.

நான் விட்ட பிழை ஒன்று இருக்கிறது. சோதிக்காத சாமான், ஊற்ற மாட்டன் என்பதோடு நிறுத்தியிருக்க வேணும். அவ்வளவே போதுமான நியாயம். அவர்கள் நம்பவேணும் என்று நினைத்து அண்ணையின்ர கண்ணைக் கொண்டுபோய் அந்த மேசையில் வைத்தேன். அதையும் அவர்கள் ருசி பார்த்தார்கள்.