எட்டுப் பேருக்கு ஒரு வண்டி

பங்குனி உத்திரத்தன்று எங்கள் சாஸ்தா கோயிலுக்கு இரண்டு வண்டிகளில் போனோம். என் சிறிய காரில் நானும் என் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும். வாடகைக்கு எடுத்த காரில் மாமனார், என் கணவர், கொழுந்தனார், அவர் மனைவி. விளாத்திகுளம் தாண்டி வாடகைக் கார் பஞ்சராகி, அவர்கள் வந்து சேர நாற்பது நிமிடம் பிந்தியது. பொங்கல் பானை, அரிசி, வெல்லம், விறகு எல்லாம் எங்களிடம் இருந்தன. தீப்பெட்டி மட்டும் அந்த வண்டியில். அத்தை பக்கத்து அடுப்புக்காரர்களிடம் போய் ஒரு குச்சி வாங்கிவந்து அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

எங்களுடையது தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் குடும்பம். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஒரு குச்சிக்காகக் கை நீட்டினோம் என்பதை மாமாவால் தாங்க முடியவில்லை. வீடு வந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார்: இனி எட்டுப் பேரும் ஒரே வண்டி.

அந்த வண்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது. நான் விளாத்திகுளத்தில் நில அளவைப் பிரிவில் வரைவாளர். "தாயி, நீதான் எதையும் அளக்காம விடமாட்டியே. நீ பாத்துச் சொல்லுத வண்டிதான்" என்றார் மாமா. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அந்த வீட்டில் என்னிடம் விட்ட முதல் பெரிய முடிவு அது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பதற்கில்லை.

இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில்பட்டி, திருநெல்வேலி ஷோரூம்களுக்கு டேப்போடு போனேன். நான்கு வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் முப்பத்தொரு வரி. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. எனவே முதல் வரி, குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கி எந்தெந்த வரிசையில் இருக்கிறது என்பது. பிறகு காற்றுப்பைகள் எத்தனை, மூன்றாவது வரிசைக்கு ஏசி காற்று எட்டுமா, மழைக்குப் பிறகு கரிசல் ரோட்டில் போனால் அடி தட்டாமல் இருக்க எவ்வளவு உயரம். அத்தையின் முழங்கால் பதினான்கு அங்குலத்துக்கு மேல் ஏறாது. வண்டியின் படி பத்தொன்பது அங்குலம் என்றால் நடுவே ஒரு துணைப்படி வேண்டும். பதினான்காவது வரி, பின் கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாமல் செய்யும் குழந்தைப் பூட்டு.

மூன்றாவது வரிசையை விரித்தபின் பின்னால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை எந்த ஷோரூமிலும் ஒழுங்காகச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து பொங்கல் பானையையே கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்த்தேன்.

"அக்கா, எத்தனையோ பேரு வந்து வண்டி பாக்காங்க. பானையோட வந்தது நீங்க ஒரு ஆளுதான்" என்றார் விற்பனையாளர்.

"பானை நிக்குதா இல்லையா, அதச் சொல்லுங்க."

"நிக்குதுக்கா. மூடிய மட்டும் மடியில வச்சுக்கிடணும்."

ஆறு வாரத்தில் முடித்தேன். இரண்டாவதாகப் பார்த்த வண்டியில் மட்டும்தான் மூன்றாவது வரிசையிலும் குழந்தை இருக்கைக் கொக்கி இருந்தது. அதுதான் என்று அடிக்கோடிட்டு நோட்டை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதை ஆபீஸுக்குக் கொண்டுபோய், சரக்கெடுக்க வந்தவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டியதாகக் கொழுந்தனார் சொன்னார். "மதினி எழுதுனதக் கேட்டுட்டு ஒருத்தர், அண்ணாச்சி எனக்கும் ஒரு காப்பி எடுத்துத் தாங்கன்னுட்டாரு."

நோட்டு என் கைக்குத் திரும்பியபோது, முப்பத்தொன்றாவது வரிக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி கூடியிருந்தது. மாமாவின் கையெழுத்து. 'வீட்டுச் சின்ன வண்டி எக்ஸ்சேஞ்ச்.'

அந்தச் சின்ன வண்டி என் கார். ஒன்பது வருடங்களுக்கு முன் என் சம்பளத்தில் வாங்கியது, என் பெயரில் இருப்பது. காலை எட்டேகாலுக்கு எடுத்தால் ஒன்பது ஐந்துக்கு விளாத்திகுளம். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் இருபத்திரண்டு நிமிடம், அங்கிருந்து இருபத்தெட்டு. மாலையிலும் அதே ஐம்பது. ரேடியோ போடமாட்டேன். எட்டயபுரம் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்கும். ரோடு கொஞ்சம் மேடாகிற ஓர் இடத்தில் சில நாள் வண்டியை ஓரங்கட்டித் தண்ணீர் குடிப்பேன். வேறொன்றும் செய்வதில்லை. காலை ஐந்து முதல் இரவு பத்து வரை யாராவது என்னைக் கூப்பிடாத நேரம் அந்த ஐம்பதும் ஐம்பதும்தான். அது வேண்டும் என்பதை அந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு இங்கே என்ன குறை என்று கேட்பார்கள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

எனவே சொல்லக்கூடிய காரணங்களை எடுத்தேன். காலைச் சாப்பாட்டு நேரம், எல்லோரும் இருந்தார்கள்.

"மாமா, என் வண்டியக் குடுத்துட்டா நான் ஆபீஸ் போறது எப்படி?"

"எட்டு அஞ்சுக்கு விளாத்திகுளம் பஸ் இருக்கே தாயி."

"அது நிறைஞ்சுல்லா வரும்."

"நான் முன்னாடியே போயி துண்டு போட்டு சீட்டு பிடிச்சு வைக்கேன், மதினி" என்றார் கொழுந்தனார். அத்தைக்குச் சிரிப்பில் புரையேறியது.

"சாயங்காலம் பஸ் பிந்திட்டா?"

"நான் வந்து கூட்டிட்டு வாரேன்" என்றார் என் கணவர்.

"பிள்ளைகளுக்குத் திடீர்னு ஒடம்புக்கு முடியலைன்னா?"

"பெரிய வண்டி எதுக்கு இருக்கு?"

"அப்ப அத நானே எடுத்துக்கிடலாமா?"

"தாராளமா எடு தாயி, யாரு வேண்டாம்னா?" என்றார் மாமா. "சாவி ஆபீஸ்ல இருக்கும். ஒரு போன் போட்டா யாராவது கொண்டாந்து தந்துருவாங்க."

கடைசியாக இரண்டு வண்டியும் இருக்கட்டுமே என்றேன். கார்ஷெட்டில் ஒன்றுதான் நிற்கும். அந்த அளவையும் நான்தான் எடுத்து நோட்டில் எழுதியிருந்தேன். மாமா அந்தப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். கோபமாக அல்ல, அன்பாக. நான் ஒரு காரணம் சொல்லச் சொல்ல, அவர்கள் எனக்காக ஒவ்வொன்றையும் சரிசெய்துகொண்டே வந்தார்கள். இட்லி ஆறிவிட்டது என்று அத்தை இரண்டு சூடாக வைத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க வண்டி வாசலுக்கு வந்தது. கொழுந்தனாரின் மனைவி வரவில்லை. அந்த இடத்தில் விற்பனையாளர். கொழுந்தனார் ஓட்ட, மாமா முன்னால். நடு வரிசையில் அத்தை, விற்பனையாளர், என் கணவர். பெரியவர்கள் குனிந்து பின்னால் போக முடியாது. அதனால் நடு இருக்கையை மடக்கி, நானும் பிள்ளைகளும் மூன்றாவது வரிசைக்கு ஏறினோம். குழந்தை இருக்கைக் கொக்கி அங்கேயும் இருப்பதை எழுதியவள் நான்தானே. மடக்கிய இருக்கை நிமிர்ந்து டக்கென்று பூட்டிக்கொண்டது; அதை வெளியே நின்றுதான் மடக்க முடியும். குழந்தைப் பூட்டு வேலை செய்கிறதா என்று போட்டுக் காட்டச் சொன்னேன். விற்பனையாளர் போட்டார்.

எட்டயபுரம் ரோட்டில் ஒரு டீக்கடை முன் நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றது. கொழுந்தனார் வெளியிலிருந்து நடுக் கதவுகளைத் திறந்துவிட, எங்களைத் தவிர எல்லோரும் இறங்கினார்கள், கதவுகள் மூடின. நடு இருக்கையை யாராவது மடக்குவார்கள் என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

பின் கண்ணாடிகள் திறக்கும் வகையல்ல. ஏசி நின்றதும் உள்ளே அடுப்புப்போல் ஆயிற்று. மாமா விற்பனையாளரிடம் மைலேஜ் கேட்டுக்கொண்டிருந்தது வாயசைவில் தெரிந்தது. நான் கண்ணாடியைத் தட்டினேன். அத்தை திரும்பிப் பார்த்து, கையிலிருந்த வடையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். உனக்கும் வாங்கி வருகிறேன் என்று அர்த்தம். என் கணவருக்குப் போன் செய்தேன். அது முன் இருக்கையின் முதுகுப் பையில் மணியடித்தது.

"அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றான் மகன்.

"இரு கண்ணு, இப்ப வந்துருவாங்க."

"இப்பவே வருது."

"நான் குதிச்சுப் போகட்டா?" என்றாள் மகள்.

புடவையோடு நான் தாண்ட முடியாது. அவளைத் தூக்கி நடு வரிசைக்கு விட்டேன். அந்தக் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. பதினான்காவது வரி. "முன்னால போயி ஹாரன அடி. கதவத் தொறந்துராத, லாரி வரும்" என்றேன். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே நுழைந்து போய், இரண்டு கையாலும் அழுத்தினாள். டீக்கடையே திரும்பியது.

"பாரு, பேத்தி இப்பவே வண்டி ஓட்ட ஆரம்பிச்சுட்டா!" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் என் கணவர் ஓடிவந்து கதவைத் திறந்தார். வாட்சைப் பார்த்தேன். பதினொரு நிமிடம். மகனின் டவுசர் நனைந்துவிட்டது.

"தட்டியிருக்கலாம்லா?" என்றார்.

"தட்டுனேன்."

"போன் பண்ணியிருக்கலாம்லா?"

நான் அவர் போனை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. மற்றவர்களுக்கு அது வீடு போய்ச் சேரும்வரை ஒரு நல்ல வேடிக்கையாக இருந்தது.

ஆடி பிறப்பதற்குள் முன்பதிவு செய்துவிட்டு ஆவணியில் எடுப்பதாக ஏற்பாடு. அன்று மாலையே கொழுந்தனார் பெயர் மாற்றும் படிவங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நான் கையெழுத்திட வேண்டிய இடங்களில் சிறிய பெருக்கல் குறி போட்டிருந்தார். நான்கு இடம். பேனாவையும் திறந்து வைத்தார்.

"நான் போடல" என்றேன்.

"ஏன் மதினி? தப்பா எதுவும் இருக்கா?"

"இல்ல. எல்லாம் சரியா இருக்கு. போடல."

மாமா செய்தித்தாளை மடித்தார். "காரணம் சொல்லு தாயி. பேசி முடிச்சுருவோம்."

என் வாயில் நான்கைந்து காரணங்கள் வரிசையாக நின்றன. எண் போட்டுச் சொல்லும் பழக்கம் எனக்கு. எதைச் சொன்னாலும் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுவதற்குள் அதை எனக்காகச் சரிசெய்துவிடுவார்கள்.

"காரணம்லாம் இல்ல மாமா. போடல."

"காரணமே இல்லாம ஒருத்தி பிடிவாதம் பிடிப்பாளாட்டி?" என்றார்கள் அத்தை. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மாமா அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. ஆனால் என்னைத் தாயி என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார்.

நான்காம் நாள் மாடியில் துணி எடுக்கும்போது என் கணவர் வந்தார். காய்ந்த துண்டுகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்கிட்டயாவது சொல்லேன்" என்றார். டீக்கடைக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வந்தது. சொன்னேன்.

"காலையில அம்பது நிமிஷம், சாயங்காலம் அம்பது நிமிஷம். அது எனக்கு வேணும்."

"அதுல என்ன செய்யுத?"

"ஒண்ணும் செய்யமாட்டேன்."

"ஒண்ணும் செய்யாம இருக்கதுக்கு ஒரு காரா?" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மாமாவிடம் என்ன சொன்னாரோ, படிவங்கள் மேஜையிலிருந்து போய்விட்டன.

ஆவணியில் பெரிய வண்டி வந்தது, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எட்டுப் பேரும் அதே வரிசைப்படி ஏறி ஒரு சுற்று போய்வந்தோம். பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. வண்டியும் குறை சொல்ல முடியாத வண்டிதான், நான் தேர்ந்தெடுத்தது. அது கார்ஷெட்டில் நிற்கிறது. என்னுடையது தெருவில் கழிவுநீர் வாறுகால் ஓரத்தில்.

அதற்கடுத்த திங்கட்கிழமை எட்டேகாலுக்கு நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே வந்தார்.

"எட்டயபுரம் வரைக்கும் நானும் வாரேன். அங்கன ஒருத்தரப் பாக்கணும். நீ பாட்டுக்கு ஓட்டு, நான் பேசவே மாட்டேன்."

நான்கு நிமிடம் பேசவில்லை. பிறகு, "ரேடியோ கூடப் போடமாட்டியா?" என்றார். இல்லை என்றேன். காற்றாலைகளைக் காட்டி, போன வருடம் இத்தனை இல்லையே என்றார். பிறகு கொழுந்தனாரைப் பற்றி, பிறகு மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, பிறகு மாமா மனதுக்குள் வருத்தத்தில் இருப்பதைப் பற்றி. எட்டயபுரத்தில் இறங்கி, குனிந்து ஜன்னல் வழியாக, "எனக்கே நல்லாத்தான் இருக்கு. உனக்கும் தனியாப் போறதுக்கு இது தேவலாம்லா?" என்றார். அவர் யாரையும் பார்க்கப் போகவில்லை. எதிர்ப்பக்கம் போய்க் கோவில்பட்டி பஸ்ஸுக்கு நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

மீதி இருபத்தெட்டு நிமிடம் ஓட்டினேன். தண்ணீர் குடிக்க நிறுத்தவில்லை.

மறுநாள் நான் வெளியே வரும்போது அவர் எனக்கு முன்னால் வந்து, காரின் இடப்பக்கக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்து, வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் வைத்த சாப்பாட்டுப் பையை எடுத்துப் பின் இருக்கைக்கு மாற்றினேன்.