தேரை ஒழுங்கைக்குள் திருப்பிய மிஸிஸ் சூசைப்பிள்ளை

செய்தி கிணற்றடித் தோட்டத்துச் சரோஜாவிடமிருந்து வந்தது. வெள்ளவத்தையில் மகன் வீட்டில் காலைத் தேநீரோடு இருந்தேன். தொலைபேசியை எடுத்ததும் முதலில் அழுகைதான் கேட்டது. "மொதலாளி, நம்ம மிஸிஸ் போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க, ஒரு நோவு நொடி இல்ல." கொட்டாஞ்சேனையில் மொட்டையாக 'மிஸிஸ்' என்று சொன்னால் அது ஒரே ஒருவர்தான். திருமதி றெஜினா சூசைப்பிள்ளை, எங்கள் வட்டாரத்தின் பழைய மாநகர சபை உறுப்பினர். தொண்ணூறைத் தாண்டியிருந்தார். நான் தேநீரை வைத்துவிட்டு, இனி யாரோடு சண்டை பிடிப்பது என்று யோசித்தேன். உண்மையில் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். நான் அவருடைய ஆள் இல்லை. சபையில் எதிர்ப்பக்கத்து வாங்கில் இருந்தவன், கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்தவன், முருகன் கோயில் அறங்காவலர்களில் ஒருவன். அவர் கொண்டுவந்த பிரேரணை எதுவென்று காதில் விழுமுன்னமே எதிர்த்துக் கை தூக்குவேன். "முதலாளியின்ர கையைப் பாக்கத் தேவையில்லை. நான் எழும்பினா அது தானா எழும்பும்" என்பார். சபை முழுவதும் சிரிக்கும். எனக்குக் கோபம் மூக்கின்மேல் வரும். அப்படியே பல வருடம் போயிற்று. இப்போது அவருக்கு அஞ்சலி எழுதுகிறேன். பார்த்தால் அவர் இதற்கும் சிரிப்பார்.

கிணற்றடித் தோட்டத்தின் கதையைச் சொன்னால் போதும், அவரைச் சொன்ன மாதிரி. பங்கீட்டுக் கூப்பன் காலம் அது. தோட்டம் என்றால் பூமரம் நிற்கும் இடம் என்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடாது. ஒரு ஒழுங்கை, அதன் இரண்டு பக்கமும் நெருக்கிக் கட்டிய ஒற்றையறை வீடுகள். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களும் கடைகளில் நிற்பவர்களும் அங்கே இருந்தார்கள். ஒழுங்கை வாசலிலேயே குறுக்காக ஒரு பெரிய திறந்த கான் ஓடியது. பாதி நகரத்தின் அழுக்குத் தண்ணீர் அதற்குள்தான். அதைக் கடக்க ஒரு தென்னங்குற்றி போட்டிருந்தார்கள். அதனால் ஒரு வண்டியும் உள்ளே போகாது. குப்பை லொறி போகாது, அம்புலன்ஸ் போகாது. சரோஜாவுக்குத் தலைப்பிள்ளைக்கு நோவெடுத்தபோது அவளைக் கதிரையில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். குற்றி வழுக்கியது. முன்னால் பிடித்தவன் கானுக்குள் விழுந்தான், கதிரை சாய்ந்தது, பிள்ளை ஒழுங்கை வாசலில் மண்ணில் பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பியது கடவுள் புண்ணியம்.

அன்று தகவல் கேட்டு மிஸிஸ் சூசைப்பிள்ளை ஓடி வந்தார். இரத்தமும் சேறுமாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, "இனி இந்த ஒழுங்கையில ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் கதிரையில போகக்கூடாது" என்றார். 

அதற்குப் பிறகு ஒவ்வொரு சபைக் கூட்டத்திலும் அந்தக் கான்தான். எழும்புவார், கேட்பார். "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வரும். அடுத்த மாதமும் எழும்புவார். அதே பதில் வரும். ஒருமுறை, "கவனத்தில எடுத்தனீங்கள், நல்லது. எப்ப கையில எடுப்பியள்?" என்று கேட்டார். அதற்கும் கவனத்தில் எடுப்பதாகத்தான் சொன்னார்கள். இதற்கிடையில் சரோஜா மறுபடி கர்ப்பமானாள். ஆவணியில் பிள்ளை பிறக்கும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் சட்டத்தைவிட உறுதியானது. கோயில் திருநாள் வருகிறதென்றால், சுவாமி போகும் வீதிக்கு சபையின் வேலையாட்கள் முன்கூட்டியே வந்துவிடுவார்கள். குழிகள் நிரம்பும், கான் ஓரம் சுண்ணாம்பு பூசப்படும், எரியாத விளக்கு எரியும். கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் சுற்றுப்பிரகார ஊர்வலத்துக்கும் அப்படித்தான், எங்கள் தேருக்கும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் பிறந்த நாள் முதல் இதைப் பார்த்து வந்தவர்கள். ஒருவருக்கும் மூளையில் ஒன்றும் ஓடவில்லை. மிஸிஸுக்கு ஓடியது. "சபைக்கு மனிசர் விழுந்தா வெக்கமில்லை, சாமி விழுந்தாத்தான் வெக்கம்" என்றார். இந்த வாக்கியத்தை அவர் சபைக்குள்ளேயே சொன்னார். மேயர் தண்ணீர் குடித்தார்.

ஆனி மாதத்தில் அவருடைய பங்குக் கோயிலில் திருநாள். நேரே பங்குத் தந்தையிடம் போனார். புனிதரின் சுரூபம் இம்முறை கிணற்றடித் தோட்டத்துக்குள்ளும் வரவேண்டும் என்று கேட்டார். கோயில் பெரியவர்கள் குதித்தார்கள். காலங்காலமாகப் போகும் வழியை மாற்றுவதா? அந்தத் தோட்டத்தில் பாதிப்பேர் சைவக்காரர் அல்லவா? மிஸிஸ் அவர்களோடு வாதாடவில்லை. தந்தையைப் பார்த்து, "சுவாமி, எங்கட புனிதர் ஏழையளைத் தேடிப் போனவரோ, ஏழையள் வந்து பாக்கட்டும் எண்டு இருந்தவரோ?" என்று மட்டும் கேட்டார். தந்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வழி மாறியது.

வழக்கம் பொய்க்கவில்லை. சபை ஆட்கள் வந்தார்கள். கானுக்கு மேல் தடித்த பலகைகள் அடித்தார்கள், ஒழுங்கைக்குக் கிரவல் கொட்டினார்கள், வண்ண பல்புகள் தொங்கவிட்டார்கள். திருநாளன்று மாலை சுரூபம் ஆட்களின் தோளில் அந்த ஒழுங்கைக்குள் போனது. சைவக்காரர் கோலம் போட்டுக் கற்பூரம் கொளுத்தினார்கள். வேதக்காரர் மெழுகுதிரி பிடித்தார்கள். நான் வேடிக்கை பார்க்கப் போனவன், கண் கலங்கித்தான் நின்றேன். மிஸிஸ் என்னைக் கண்டுவிட்டு, "என்ன முதலாளி, தூசியோ?" என்றார்.

ஆனால் அவர் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. திருநாள் முடிந்ததும் சபை ஆட்கள் திரும்பி வந்தார்கள். பலகைகளைக் கழற்றினார்கள், பல்புகளை இறக்கினார்கள். மட்டக்குளியில் இன்னொரு கோயில் திருநாள், அங்கே தேவையாம். மழையில் கிரவலும் கரைந்து போனது. பழைய தென்னங்குற்றி திரும்பவும் தன் இடத்துக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தேநீர்க்கடையில் இருந்து, "எங்கட மிஸிஸ் இரவல் பாலம் கட்டின கதை தெரியுமோ?" என்று கேட்டுச் சிரித்தேன். நல்ல கூட்டம் கூடிற்று.

பகல் சாப்பாட்டுக்கு முன்னமே அவர் என் கடை வாசலில் நின்றார். குடையை மடக்கினார். ஒரு ஆணிப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"சிரிச்சது போதும் முதலாளி. உங்கட தேர் எவ்வளவு பாரம்?"

"ஏன், வாங்கப் போறீங்களோ?"

"சொல்லுங்கோவன். பலகை தாங்குமோ?"

"உங்களுக்கென்ன விசரோ? பலகையில தேர் ஓடுமோ? தேருக்குக் கொங்கிறீட்..."

அந்த இடத்தில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார். "அதுதான். கொங்கிறீட்டைக் கழட்டிக்கொண்டு மட்டக்குளிக்குப் போகேலாது."

நான் இன்றுவரை வியக்கும் விடயம் அது. ஒரு வேதக்காரப் பெண், எதிர்க்கட்சிக்காரன் கடைக்கு வந்து, அவனுடைய முருகனை இரவல் கேட்கிறார். அதுவும் அவன் காலையில் தன்னைப் பார்த்துச் சிரித்த அதே நாளில். எனக்கு அப்போது உடம்பெல்லாம் உற்சாகம் ஏறியது. கடையைப் பையனிடம் விடாமல் பூட்டியேவிட்டேன். இருவரும் கயிறு எடுத்துக்கொண்டு போய் ஒழுங்கையை அளந்தோம். தேர் உள்ளே போகும், கிணற்றடி முற்றத்தில் திரும்பி அதே வாசலால் வெளியேறும், இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் மிஞ்சும். "முருகன் மெலிஞ்சவர்" என்றார் மிஸிஸ்.

அறங்காவலர் கூட்டத்தில் எனக்குத்தான் பூசை விழுந்தது. "கானுக்கு மேலால சாமியைக் கொண்டுபோறதோ? உங்களுக்கு மூளை பிசகிப்போச்சோ?" என்று தலைவர் கத்தினார். "ஐயா, அதுக்குத்தானே மூடச் சொல்லுறம்" என்றேன். யாரோ சிரித்தார்கள். பிறகு, அந்தத் தோட்டத்துப் பெண்கள் வருடா வருடம் வீதியில் வந்து நின்று தேர் பார்ப்பவர்கள், ஒருநாள் தேர் அவர்களைப் பார்க்கப் போகட்டுமே என்றேன். அது மிஸிஸின் வாதம்தான், பெயரை மட்டும் சொல்லவில்லை. தலைவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, சரி என்றார்.

அடுத்த சபைக் கூட்டத்தில் தேரின் புதிய வழியை நான் அறிவித்தேன். சபையின் எஞ்சினியர் ஒரு நல்ல சிங்கள மனிதர், இத்தனை காலமும் அந்தக் கானைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிபவர். அன்று நிமிர்ந்து நின்று, தேர் போவதென்றால் கொங்கிறீட் மூடிதான், வேறு வழியே இல்லை, கீழே சுவரும் புதிதாகக் கட்டவேண்டும் என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தேருக்கு எதிராக யார் கை தூக்குவது? அடுத்த தேர்தலில் வீடு வீடாகப் போகவேண்டுமே. மிஸிஸ் பிரேரித்தார். ஆமோதிக்க ஆள் வேண்டும் என்றார் மேயர். நான் எழும்பினேன். கையையும் தூக்கினேன். "பாத்தீங்களே, கை இந்தப் பக்கத்துக்கும் எழும்பும்" என்றார் மிஸிஸ்.

ஆடித் தேரன்று கொட்டாஞ்சேனை முழுவதும் அந்த ஒழுங்கை வாசலில்தான் நின்றது. வடம் பிடித்தவர்கள் நிறுத்தினார்கள். முன்சக்கரம் புதுக் கொங்கிறீட்டின் விளிம்பில் நின்றது. எஞ்சினியர் ஒரு பக்கம் குந்தியிருந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தார், சட்டை முழுவதும் வியர்வை.  மிஸிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், கையில் செபமாலை. பெண்கள் பிடித்த வடத்தில் தானும் ஒரு கை வைத்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இழுங்கோ!" என்றார். இழுத்தார்கள். சக்கரம் ஏறியது, உருண்டது, இறங்கியது. கொங்கிறீட் அசையவில்லை. அரோகரா என்று எழுந்த சத்தத்தில் துறைமுகக் கப்பல்களே திரும்பிப் பார்த்திருக்கும். மிஸிஸ் சிலுவை போட்டுக்கொண்டார். எஞ்சினியர் எழும்பி வந்து, "ஹரி நோனா, ஹரி!" என்று சிங்களத்திலேயே 'சரி' சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குப் பிறகு வந்த முதல் குப்பை லொறிக்கு அந்த மக்கள் மாலை போட்டார்கள். சாரதி வெட்கத்தில் இறங்க மாட்டேன் என்றான்.

ஆவணியில் சரோஜாவுக்கு நோவெடுத்தது. மிஸிஸ் சொல்லி வைத்திருந்த மொறிஸ் மைனர் டாக்சி, கானைத் தாண்டி, ஒழுங்கைக்குள் ஊர்ந்து, அவள் வீட்டு வாசற்படியில் போய் நின்றது. சரோஜா தன் காலால் நடந்து வந்து ஏறினாள். தோட்டமே வெளியே வந்து கைதட்டியது. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "நான் இங்க உசுரு போகத் துடிக்கிறேன், ஒங்களுக்குக் கைதட்டு கேக்குதா? வழிய விடுங்க!" என்று கத்தினாள். கைதட்டல் இன்னும் கூடியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், வெள்ளை விரிப்பில், பெண் பிள்ளை பிறந்தது. மிஸிஸ் அந்தச் செய்தியைக் கடைக்கு வந்து என்னிடம் சொன்னபோது அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். நானும் அழுதேன். தூசி இல்லை.

பிறகு நாங்கள் மறுபடி சண்டைக்காரர்தான். நூலகம், சந்தைக் கூரை, தெருநாய், எல்லாவற்றிலும் அவரை எதிர்த்தேன். அவருக்கும் அது இல்லாவிட்டால் சபை ருசிக்காது.

நான் இப்போது இருக்கும் வெள்ளவத்தை ஒழுங்கையில் மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். கேட்டால் கவனத்தில் எடுத்திருக்கிறார்களாம். அண்மையில் இங்குள்ள கோயிலின் திருவிழாக் கூட்டத்தில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, இம்முறை சுவாமி எங்கள் ஒழுங்கையாலும் வரவேண்டும், அதுவும் தேரில் வரவேண்டும் என்றேன். இளம் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். சரோஜா தொலைபேசி எடுத்த அன்று பகல், வாசலில் சபையின் லொறி ஒன்று வந்து பெரிய வடிகால் குழாய்களை இறக்கியது. மகன் சாவீட்டுக்குப் போகக் காரை எடுத்தான், வெளியே விட இடமில்லை. குழாய்களைச் சுற்றிக்கொண்டு நடந்து போய்த்தான் பஸ் ஏறினோம். எனக்கு அவ்வளவு பெருமை.

அவருடைய கட்சிக்கு என் வாழ்நாளில் ஒரு வாக்கும் போடவில்லை, இனியும் போடமாட்டேன். ஆனால் எந்தச் சுவாமி ஊர்வலம் வந்தாலும் நான் கும்பிடுமுன் பார்ப்பது, அது நுழையாமல் போகும் ஒழுங்கை எது என்றுதான். மிஸிஸ் சூசைப்பிள்ளை எனக்கு விட்டுப்போனது அந்தப் பார்வையை. அதை வைத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கையையும் பார்த்து வைத்திருக்கிறேன்.