தொப்பி வைத்த பிஸ்கட்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் காலையில் வராது. சாயங்காலம் மகாபலிபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில்தான் வரும். அண்ணன் அங்கே வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை பார்த்தான். ஊரே புதுத்துணி கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போகிற நாளில் அவனுக்கு லீவு கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டத்தை முடித்து, அடுப்படியைக் கழுவிவிட்ட பிறகுதான் விடுவார்கள். அவன் வருகிறவரை யாரும் பலகார டப்பாவில் கை வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நான் காலையிலிருந்து அந்த டப்பாவைச் சுற்றிச் சுற்றி வருவேன்.

டப்பாவில் இருப்பதும் அவன் கைவேலைதான். டிசம்பர் பிறந்தால் அந்த ஓட்டலில் சுக்கும் பட்டையும் கிராம்பும் போட்டு மனுஷ உருவத்தில் பிஸ்கட் சுடுவார்களாம். அண்ணன் அதைக் கற்றுக்கொண்டு வந்து, எங்கள் நாட்டு வெல்லத்தைப் பாகு காய்ச்சி ஊற்றி வீட்டில் செய்தான். எங்களிடம் ஓவன் ஏது? அலுமினியத் தேக்சாவில் கடல் மணலைப் பரப்பி, அதைச் சூடாக்கி, மேலே தட்டை வைத்து மூடிச் சுடுவான். அந்த மணலையும் அவன்தான் அள்ளிவந்து, உப்புப் போகக் கழுவிக் காயவைத்து, சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தான். பால் பவுடர் டின்னை வெட்டி, வளைத்து அச்சும் செய்தான். வளைக்கும்போது எங்கேயோ கோணிவிட்டது. அதனால் எங்கள் வீட்டுப் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் ஒரு கால் குட்டை. தெருவில் மற்ற பிள்ளைகள் அதை நொண்டி பிஸ்கட் என்பார்கள். ஆனால் கொடுத்தால் வேண்டாமென்று சொன்னவர்கள் யாரும் இல்லை.

முதல் வருஷம் அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "மனுசன கட்ச்சி துன்றதா? இன்னாடா கருமம் இது" என்றாள். பிறகு அவள்தான் முதல் ஆளாகக் காலைக் கடித்தாள். வீட்டில் ஆளுக்கு ஒரு பொம்மை தனியாக உண்டு. அம்மாவுக்குக் கொண்டை, நைனாவுக்கு மீசை, எனக்கு இரட்டைச் சடை. அண்ணன் தன் பொம்மைக்கு மட்டும் மாவைக் கிள்ளி, ஓட்டலில் அவன் போடுகிற மாதிரி உயரமான தொப்பி ஒன்றை ஒட்டிக்கொள்வான். கிறிஸ்துமஸ் அன்று அந்தத் தொப்பிப் பொம்மையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போவது என் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் தட்டை நிரப்பியவன் தன் வாயில் ஒன்றும் போட்டிருக்க மாட்டான் என்று அம்மா சொல்வாள். அவன் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டோரத்திலேயே தொப்பியைக் கடித்து, "என் தலைய நானே துன்னுட்டேன், பாத்தியா" என்பான். வருஷா வருஷம் அதே பேச்சுதான். நானும் வருஷா வருஷம் சிரிப்பேன்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசியில், மத்தியான வேலைக்கும் ராத்திரி வேலைக்கும் நடுவே கிடைத்த ஓய்வில் கூட வேலை செய்யும் பையன்களோடு அண்ணன் கடலில் குளிக்கப் போயிருக்கிறான். எங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள் நாங்கள். நைனாவுக்கு அணுபுரம் குவார்ட்டர்ஸில் தோட்ட வேலை கிடைத்த பிறகுதான் சதுரங்கப்பட்டினத்தில் வீடு பிடித்து, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வந்து உட்கார்ந்தோம். யாருக்கும் நீச்சல் தெரியாது. அவன் சட்டையும் செருப்பும், சட்டைக்குள் சுற்றிவைத்திருந்த போனும் வீடு வந்து சேர்ந்தன. அவன் வரவில்லை.

வாடைக் காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும், அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று மீனவர்கள் சொன்னார்கள். நைனா யாருடைய வண்டியையோ வாங்கிக்கொண்டு, குப்பம் குப்பமாகக் கடப்பாக்கம் வரைக்கும் விசாரித்துக்கொண்டு போவார். போகும்போதெல்லாம் வெள்ளை வேட்டி ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். மழையில் நனைந்தால் மாற்றிக்கட்ட என்று நான் நினைத்தேன். திரும்பி வந்து, "ஒண்ணும் கெடைக்கல" என்று அவர் மென்று விழுங்கிச் சொல்லும்போது அம்மாவின் முகம் மட்டும் தெளியும். கிடைக்காததுதான் அவளுக்கு நல்ல சேதி.

எனக்கு யாரும் விவரமாக எதுவும் சொல்லவில்லை. அண்ணனைக் காணோம் என்றார்கள். காணாமல் போனது எதுவானாலும் இரண்டு நாள் கழித்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து கிடைத்துவிடும் என்பது என் அனுபவம். அதனால் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அம்மா அவனுடைய போனுக்கு எந்நேரமும் சார்ஜ் போட்டுவைத்தாள். வேறு யாருடைய போனிலிருந்தாவது தன் நம்பருக்கே கூப்பிடுவான் என்றாள். பாஸ்டர் வந்து, ஞாயிற்றுக்கிழமை அவனுக்காக ஒரு நினைவு ஜெபம் வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "வேலைக்கு போனவனுக்கு இன்னாத்துக்கு சாமி நெனவு ஜெபம்? அவன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்று அவரையே கேட்டு அனுப்பிவிட்டாள்.

டிசம்பரும் பிறந்தது. சாவு விழுந்த வீட்டில் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். கட்டு என்று அம்மா நின்றாள். நைனா பாவம், இரண்டு பக்கமும் போக முடியாமல் நட்சத்திரத்தைக் கட்டினார், உள்ளே பல்பு போடவில்லை. தெருவில் அது மட்டும் இருட்டாகத் தொங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் அம்மா பரணிலிருந்து மணல் சாக்கையும் டின் அச்சையும் இறக்கினாள். என்னைப் பாய் கடைக்குச் சுக்கு வாங்க அனுப்பினாள். "வூட்ல யாருக்கு பாப்பா இருமல்?" என்று பாய் கேட்டார். கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்கு என்றேன். அவர் தராசைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார்.

அப்போது நைனாவின் தங்கை, செங்கல்பட்டு அத்தை, எங்களோடு வந்து தங்கியிருந்தார். அம்மா வெல்லத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணி, இந்த வருசம் வேணாம். வருசம் திரும்பற வரைக்கும் நம்ம வூட்ல எண்ண சட்டி வெக்கக் கூடாது. பலகாரம் நாங்க எட்தாந்து குடுக்கணும், அதான மொற."

அம்மா வெல்லத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் விடாமல் தட்டுவதைப் பார்த்து அத்தைக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தான் சொன்ன சட்டத்தில் தானே ஓர் ஓட்டை கண்டுபிடித்தார். "சரி, இது மணல்லதான வேவுது. எண்ண சட்டியே இல்லியே. இத்த செஞ்சா தப்பு இல்ல. நீ செய்யி அண்ணி."

அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டாள். "சாவு வூட்ல இன்னா செய்யலாம், இன்னா செய்யக் கூடாதுன்னு உன்ன கேட்டனா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. எழுந்துபோய் இன்னோர் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்து, இருந்த எண்ணெயையெல்லாம் ஊற்றினாள். பொரிக்க வீட்டில் வேறொன்றும் இல்லை. அப்பளக் கட்டைப் பிரித்து, ஒன்று விடாமல் பொரித்தாள். தெருப்பக்க ஜன்னலையும் திறந்துவைத்தாள். எண்ணெய் வாசனை தெருக்கோடி வரை போயிருக்கும். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் இரண்டு கையிலும் அப்பளத்தோடு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு அப்பளம் ஒரே நாளில் கிடைக்கும்போது எதற்காக அழ வேண்டும் என்று புரியவில்லை.

அத்தை அன்றே ஊருக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் பிஸ்கட் செய்தோம். சுக்கு எவ்வளவு, பாகு எந்தப் பதம் என்று அவள் என்னைத்தான் கேட்டாள், அண்ணன் பக்கத்திலேயே நின்று மாவு தின்றவள் நான் என்பதால். மணலைத் தேக்சாவில் கொட்டும்போது ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள். கொண்டை, மீசை, சடை எல்லாம் நானே ஒட்டினேன். தொப்பியை மட்டும் என்னைத் தொடவிடவில்லை. கிள்ளி வைப்பாள், சரியில்லை என்று பிய்ப்பாள், மறுபடி வைப்பாள். மாவு காய்ந்து வெடிக்கிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அத்தை ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே அதிரசமும் முறுக்கும். முறைப்படி கொண்டுவந்திருக்கிறார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு செத்துட்டாங்கன்னு எட்தாந்த?"

"அண்ணி, ஊரு ஒலகத்துக்கு..."

"நீ உள்ள வா, சோறு துன்னு. அது உள்ள வரக் கூடாது."

தூக்கு வாசற்படிக்கு வெளியே, தாழ்வாரத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. அத்தை உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். நைனா யாருடைய முகத்தையும் பார்க்காமல் நகத்தில் இருந்த மண்ணைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார். இலேசாகத் தூறல் ஆரம்பித்தது. தூக்கின் மூடிமேல் தண்ணீர் சொட்டுகிற சத்தம் உள்ளேவரை கேட்டது.

பஸ் வருகிற நேரம் நெருங்கியதும் அம்மா எனக்குத் தலை சீவி, ரிப்பன் கட்டி, தொப்பிப் பொம்மையைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தாள். "போய் கூட்டிகினு வா" என்றாள். அத்தை, "கொயந்தய போயி..." என்று எழுந்தார். நைனா அத்தையின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அன்று அவர் செய்தது அது ஒன்றுதான்.

நான் சந்தோஷமாகத்தான் ஓடினேன். பஸ் வந்தது. புதுச்சட்டைக்காரர்கள் இறங்கினார்கள், மூட்டையோடு ஒரு கிழவர் இறங்கினார். கண்டக்டருக்கு என்னைத் தெரியும், வருஷா வருஷம் பார்க்கிறவர். விசில் வாயில் இருந்தது, ஊதவில்லை. நான் படியில் ஏறிக் கடைசி சீட் வரை எட்டிப்பார்த்தேன். அவர் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "எறங்கறவங்கல்லாம் எறங்கியாச்சு பாப்பா. மழ வருது, வூட்டுக்கு போ" என்றார். நான் இறங்கி, பஸ் திரும்புகிற வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். காகிதம் நனைந்து பிஸ்கட்டோடு ஒட்டியிருந்தது.

"அண்ணன் வர்லம்மா" என்றேன்.

மீனவர்கள் சொல்லியிருந்தார்கள், போலீஸ்காரர் சொல்லியிருந்தார், பாஸ்டரும் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்திருந்தார். அம்மா யாரையும் நம்பவில்லை. அவள் நம்பி அனுப்பியது என்னை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். பஸ் வரவில்லை என்பதைப்போல, வெல்லம் தீர்ந்துவிட்டது என்பதைப்போலச் சொன்னேன்.

அம்மா அழவில்லை. பொட்டலத்தை வாங்கிக் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். நமுத்துப்போயிருந்தாலும் தொப்பி உடையவில்லை. அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். தேக்சாவில் மணல் அப்படியே இருந்தது. நமுத்ததை மொறுமொறுப்பாக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தட்டைத் தேடவில்லை. கையால் மணலை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் பொம்மையை மல்லாக்கப் படுக்கவைத்தாள். குட்டைக் காலை நேராக்கினாள். பிறகு பிடி பிடியாக மணலை அள்ளி மேலே போட்டாள். கடைசியாகத் தொப்பியை மூடினாள். மூடியபின் உள்ளங்கையால் மேலே தட்டிக்கொண்டே இருந்தாள்.

நைனாவும் அத்தையும் அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தார்கள். நைனாவின் தோள் குலுங்கியது. பெரியவர்கள் கவனிக்காமல் விட்டதைச் சொல்ல வேண்டியது என் கடமையாகத் தோன்றியது.

"அம்மா, அடுப்பே பத்த வெக்கலியே" என்றேன்.

அம்மா எழுந்து எங்களைத் தாண்டிப் போனாள். கதவைத் திறந்து, தாழ்வாரத்திலிருந்த தூக்கைத் தன் கையாலேயே உள்ளே தூக்கிவந்தாள். மூடியைத் துடைத்துத் திறந்து, அத்தையின் முறுக்கு ஒன்றை எடுத்து முதலில் தான் கடித்தாள். பிறகு எனக்கு ஒன்று கொடுத்தாள். அம்மாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். முறுக்கு நன்றாக இருந்தது. அவ்வளவு பாடுபட்டுத் தொப்பி வைத்த பிஸ்கட் யாரும் தின்ன முடியாமல் மண்ணோடு போயிற்றே என்பது மட்டும்தான் அன்றைக்கு என் வருத்தம்.