மாரி அண்ணன் போட்ட முடிச்சு

மூன்று நாளாக வீட்டில் நெட் இல்லை. என் வேலையே அதை நம்பித்தான். ஆபீஸில் சொல்ல இனிப் பொய்யும் மிச்சமில்லை.

இன்று ஒருவழியாக கேபிள்காரர் வந்தார். மோடத்திலிருந்து ஒயரைக் கழற்றி, பேனா மாதிரி ஒன்றைச் செருகி, சிவப்பு வெளிச்சத்தை உள்ளே விட்டார்.

வெளியே படிக்கட்டுக் கம்பியில் ஒயரை யாரோ வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த இடம் மட்டும் சிவப்பாக மின்னியது.

"உள்ள கண்ணாடி நூலு கீதுக்கா. அதுல லைட்டு எவ்ளோ தூரம்னாலும் போவும். இப்டி மடக்கி இறுக்குனா வெளிய கசிஞ்சிரும். யாருக்கா இத்த கட்னது?"

கீழ்வீட்டு மாரி அண்ணன் தலையை நீட்டினார். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்.

"நான்தாம்மா. அன்னிக்கு காத்துல ஆடிகினு இருந்துச்சு. புயலே வந்தாலும் அவுறாது பாரு."

அவிழவேயில்லை. கேபிள்காரர் கயிற்றைக் கத்தியால்தான் அறுத்தார். ஒயரைப் பெரிய வட்டமாகச் சுற்றித் தொங்கவிட்டதும் நெட் வந்துவிட்டது.

இப்போது எட்டிப் பார்க்கிறேன். மாரி அண்ணன் அந்த வட்டத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். கையில் புதுக் கயிறு.

எனக்கு இறங்கிப் போகத் தெம்பில்லை. நம் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அவரைக் கொஞ்சம் டீக்குக் கூப்பிடுங்களேன்.